கிளிநொச்சியில் வாடகைக் கார்: 17 கீறலும் ஒரு சி.ஆர். கொப்பியும்

கார் எடுத்த கடையின் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். கடைக்காரத் தம்பி மறுத்துவிட்டான். "வேண்டாம் அக்கா, என்னட்டை நிக்கிறதே நாலு கார். வெளிநாட்டு ஆக்கள் எல்லாரும் ஓகஸ்டில ஒண்டா வந்து நிண்டா நான் எங்க போறது?" ஆகவே பெயர் இல்லை. கிளிநொச்சி நகரில், ஏ9 கரையில், முன்னுக்கு ரீலோட் போடும் சின்னக் கடை, பின் வளவில் தகரக் கொட்டகை, அதற்குள் நாலு கார். தேடுகிறவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

நான் கிளிநொச்சிக்குக் கிட்ட வட்டக்கச்சிக்காரி. கனடாவில், ஸ்காபரோவில் 24 வருடம். ஊருக்குப் போனால் ஓட்டோவுக்கும் என் சொந்தத் தம்பியின் மோட்டார்சைக்கிளுக்கும் காத்திருந்தே பாதி லீவு போய்விடும். எனவே கார் எடுப்பேன். இந்த முறை எடுத்த அனுபவத்தைச் சொல்வதற்கு முன் 2023இல் பட்டதைச் சொன்னால்தான் விளங்கும்.

அந்த முறை கார் தந்தவர் மச்சானின் சிநேகிதர். "எங்கட ஆள்தான், பயப்பிடாதையுங்கோ" என்றார்கள். துண்டு இல்லை, எழுத்து இல்லை. பாஸ்போட்டை மட்டும் வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். பத்து நாள் கழித்துக் காரைக் கொண்டுபோய் விட்டபோது குனிந்து பின் பம்பரைத் தடவினார். ஒரு சாண் நீளத்தில் கீறல். 60,000 ரூபாய் கேட்டார். நான் கீறவில்லை என்று எனக்குத் தெரியும். காட்டுவதற்குப் படம் இல்லை. அடுத்த நாள் இரவு விமானம், பாஸ்போட் லாச்சிக்குள். கொடுத்தேன். நாலு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டு அல்பத்தை என் தம்பியின் மனைவி வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். மாப்பிள்ளைக் காராக அதே கார், பூமாலை போட்டு நிற்கிறது. பின் பம்பரில் அதே கீறல். கல்யாணம் நடந்தது நான் ஊருக்குப் போவதற்கு இரண்டு மாதம் முதல்! காசு போனதை விட, மச்சானின் சிநேகிதர் என்பதால் ஒரு வார்த்தை கேட்க முடியாமல் போனதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

சரி, இந்தத் தையில் நடந்ததற்கு வருகிறேன்.

காரைக் கேட்டதும் கடைக்காரத் தம்பி முதலில் லைசன்ஸைக் கேட்டான். கனடா லைசன்ஸை மட்டும் வைத்துக்கொண்டு இலங்கையில் ஓட முடியாது. கனடாவில் எடுக்கும் சர்வதேச அனுமதிப்பத்திரமும் தனியே காணாது. அதற்குக் கொழும்பில் ஓட்டோமொபைல் சங்கத்தின் ஒப்புதல் எடுக்கவேண்டும். இல்லையென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிகச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். 2025 ஓகஸ்டில் அதற்குக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே ஒரு கருமபீடம் திறந்தார்கள். நான் வந்திறங்கியபோதே அங்கு எடுத்துவிட்டேன். கடைக்காரத் தம்பி அதையும் பாஸ்போட்டையும் படம் பிடித்துக்கொண்டு பாஸ்போட்டைத் திருப்பித் தந்தான். "இது உங்கட கையிலயே இருக்கட்டும். படம் காணும், டிப்பொசிட் 25,000 தாங்கோ." எனக்குப் பாதிக் கோபம் அங்கேயே ஆறிவிட்டது.

அடுத்ததாக வாளியில் தண்ணீரும் ஒரு பழைய துணியும் வந்தன. காரைத் துடைத்தான். வாடகைக்கு எடுக்கும் காரைப் புழுதியோடு வாங்கவே கூடாதாம். வன்னிப் புழுதி கீறல் எல்லாவற்றையும் மூடிவிடும் என்றான். துடைத்து முடிய, பட்டப்பகலில் ரோர்ச்சைக் கொண்டுவந்து, கதவோடு கதவாக வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தான். அப்படிப் பிடித்தால் நேரே பார்க்கத் தெரியாத கோடும் பள்ளமும் எழும்பி நிற்கின்றன. தடித்த மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியைத் திறந்து, அடிமட்டம் வைத்து, பெட்டியைப் பிரித்துப் பரப்பியதுபோல் காரின் நாலு பக்கத்தையும் கூரையையும் அதில் வரைந்தான். ஒவ்வொரு கீறலையும் நான் விரலால் தொட, அவன் இலக்கம் போட்டான். மொத்தம் 17. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. 11ஆம் இலக்கம் மாடு முட்டியது. 4ஆம் இலக்கம் சுவிஸிலிருந்து வந்த ஒருவர் படலையை முழுக்கத் திறக்காமல் பின்னுக்கு எடுத்தது. மீற்றரையும் பெற்றோல் முள்ளையும் அவன் போனிலும் என் போனிலும் வீடியோ எடுத்தோம்.

இதற்கிடையில் என் ஊரைக் கேட்டு, அப்பாவின் பெயரைக் கேட்டு, "சங்கக்கடை மனேஜரெல்லோ? அம்மம்மா சொல்லுவா" என்றான். போச்சு, இனிக் கொப்பியை மூடிவிடுவான் என்று நினைத்தேன். அவன் 12ஆம் கீறலுக்குப் போனான். நானே வெட்கத்தில், "தெரிஞ்ச ஆக்கள்தானே, காணும் விடுங்கோ" என்றேன்.

"தெரிஞ்ச ஆக்கள் எண்டபடியாத்தான் அக்கா எழுதுறன். தெரியாத ஆளெண்டா சண்டை பிடிச்சிட்டு விட்டிடலாம்."

2023இல் இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை.

காப்புறுதியில் நீங்கள் கட்டாயம் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. ஊரில் பலர் தங்கள் சொந்தக் காரையே வாடகைக்கு விடுகிறார்கள். சொந்தப் பாவனைக்கென்று எடுத்த காப்புறுதி, வாடகைக்கு விட்ட நேரத்தில் விபத்து நடந்தால் பொதுவாகக் கை விரித்துவிடும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் காருக்கு வரும் சேதம் உங்கள் தலையில்தான். இவன் வாடகைக்கென்றே எடுத்த முழுக் காப்புறுதிப் பத்திரத்தை விரித்து, கார் இலக்கத்தையும் திகதியையும் என்னையே வாசிக்கச் சொன்னான். எங்காவது இடிபட்டால் காரை அசைக்காமல், நின்ற இடத்திலிருந்தே காப்புறுதிக் கம்பனிக்கு அடிக்கவேண்டும். அவர்களின் ஆள் வந்து பார்ப்பார். "கடனட்டையில் வாடகைக் காருக்குக் காப்புறுதி இருக்கிறது" என்று கனடாவில் சொல்லி அனுப்புவார்கள். என் அட்டையில், முழு வாடகையையும் அந்த அட்டையிலேயே கட்டியிருந்தால்தான் அது செல்லும். இங்கே கைக்காசு. ஆகவே அந்தப் பேச்சை ஸ்காபரோவிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இனி என் முறைப்பாடு. நாளுக்கு 8,000 ரூபாய், 100 கிலோமீற்றர். அதற்கு மேல் கிலோமீற்றருக்கு 50 ரூபாய். இந்த 100 கொழும்புக் கணக்கு. வன்னியில் ஒரு கோயிலுக்குப் போய்வந்தாலே முடிந்துவிடும். பரந்தனால் திரும்பி, விசுவமடு, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு, வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டு, ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளம் வந்து, முறிகண்டியில் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கி வீடு சேர மீற்றர் 140ஐத் தொட்டிருந்தது. நல்லகாலம், முதல் நாளே பேரம் பேசி நாள் கணக்கை விட்டு ஏழு நாளுக்கும் சேர்த்து 700 கிலோமீற்றர் என்று கொப்பியில் எழுதுவித்திருந்தேன். கேட்டால் தருவான், கேட்காவிட்டால் சொல்லமாட்டான்.

கார் ஒரு வாகன்ஆர். ஏசி மதியத்தில் களைத்துப்போகிறது. கனடாவில் ஓடிப் பழகியவர்களுக்கு இடதுபக்கம் ஓடுவதை விடச் சிக்னல் தடிதான் வில்லங்கம். இங்கே அது வலக்கைப் பக்கம். முதல் இரண்டு நாளும் ஒவ்வொரு சந்தியிலும் நான் திரும்ப, வெயிலுக்குள் வைப்பர் ஆடியது. மாட்டுப் பட்டி ஒன்று கடக்கட்டும் என்று நிறுத்தினேன். எஞ்சின் தானாகவே நின்றது. நெஞ்சு பக்கென்றது. 90களில் நாங்கள் பார்த்த கார்கள் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடியவை. எஞ்சின் ஓய்ந்தால் இறங்கித் தள்ளவேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும். பிரேக்கிலிருந்து காலை எடுக்க அது தானே எழும்பியது. பெற்றோல் மிச்சம் பிடிக்கவாம்.

இருட்டிய பிறகு தூர ஓட்டம் வேண்டாம் என்பதையும் கொப்பியில் எழுதியிருந்தான். சரியான புத்தி. இரவில் மாடுகள் சூடு தேடித் தார் றோட்டில் படுத்திருக்கும். பின் லைட் இல்லாத லான்ட்மாஸ்டர், அதுதான் இரண்டு சில்லு உழவு மெஷின், கிட்டப் போகும்வரை தெரியாது. ஒட்டுசுட்டான் பக்கம் யானை. பகலில் ஏ9இல் ஆசை வந்தாலும் 70ஐத் தாண்டாதீர்கள். பொலிஸ் பிடித்தால் தண்டப்பணம்தான்.

அவ்வளவு பார்த்தவன் ஒன்றைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் எங்கள் கிறவல் ஒழுங்கையில் ரயரில் ஆணி ஏறியது. ஸ்பெயர் வீலை இறக்கினால் அதிலும் காற்று இல்லை. என் தம்பி அதை மோட்டார்சைக்கிளில் வைத்துக்கொண்டு போய்க் காற்றடித்து வர ஒன்றரை மணித்தியாலம். திருப்பிக் கொடுக்கும்போது இதைச் சொன்னேன். பஞ்சர் ஒட்டின காசைக் கடைக்காரத் தம்பி தன் கணக்கில் போட்டான். நீங்கள் எடுத்தால் ஸ்பெயரை அழுத்திப் பாருங்கள்.

மீற்றர்க் கணக்கில் 742 கிலோமீற்றர் ஓடியிருந்தது. மேலதிகம் 42க்கு 2,100 ரூபாய். பிறகு வாளி, துணி, ரோர்ச். 17 கீறலும் அந்தந்த இடத்தில் இருந்தன. இடப்பக்கப் பின்கதவில் ஒன்று புதிது. அண்ணை வீட்டு முள்ளுக்கம்பியில் உரசியது. நானே காட்டினேன். நகத்தால் சுரண்டிப் பார்த்து, "பொலிஷ் போட்டாப் போகும்" என்று 1,500 கழித்து, டிப்பொசிட்டில் மிச்சம் 21,400ஐ எண்ணித் தந்தான். பிறகு கொப்பியில் 18 என்று போட்டு, பக்கத்தில் எழுதினான்: "வட்டக்கச்சி அக்கா, முள்ளுக்கம்பி."