பழுது நீங்கி வந்த தக்காளி டைமர்: மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சென்னையில் ஒற்றை அறை வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியிருக்கும் என் பங்காளி ஒருவன், இணையத்தில் உட்கார்ந்தால் மனம் நாலு திசையில் ஓடுகிறது, உன்னிடம் இருக்கும் தக்காளி டைமரை நானும் வாங்கலாமா என்று கேட்டிருந்தான். அவன் கேட்ட நேரத்தில் அது காரைக்குடியில் கடிகாரம் பழுது பார்ப்பவரின் மேசையில் வயிறு திறந்து கிடந்தது. பதினொரு நாள் கழித்து நேற்றுதான் செட்டிநாட்டில் எங்கள் ஊரான கானாடுகாத்தானுக்குத் திரும்பி வந்தது என்பதால் இப்போது எழுதுகிறேன்.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்றுக்கு ஒரு நீண்ட ஓய்வு என்ற கணக்கு அவனுக்கே தெரியும். 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், படிப்பில் மனம் நிற்காமல் சமையலறையில் இருந்த தக்காளி வடிவ டைமரை எடுத்து எதிரில் வைத்துக்கொண்டதிலிருந்து வளர்ந்த பொமடோரோ முறை இது. பொமடோரோ என்றால் இத்தாலிய மொழியில் தக்காளி. என்னுடையதும் அதே வடிவம்தான். பேட்டரி கிடையாது, திருகினால் ஓடும், முடிந்தால் மணி அடிக்கும்.

என் வேலை ஜிஎஸ்டி கணக்கு. 11ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர் 1, 14ஆம் தேதி விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான 2பி வந்தவுடன் கொள்முதல் பில்களை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தல், 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் ரிட்டர்னான 3பி என்று மாதம் ஓடும். பதினைந்து இலக்க ஜிஎஸ்டி எண்ணை மாற்றி வேறொருவருடையதைப் போட்டுவிட்டால், சரக்கு வாங்கியவர் கழித்துக்கொள்ள வேண்டிய உள்ளீட்டு வரி வேறு யாருடைய கணக்கிலோ போய் நிற்கும். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு வேலை பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்விலும், கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தவர்களைவிட அடுத்த அறையில் விட்டு வந்தவர்களே தேர்வுகளை நன்றாகச் செய்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில் சில அதை ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு. ஆனால் ரிட்டர்ன் சமர்ப்பிக்கும் நேரத்தில் ஓடிபி போவது வாடிக்கையாளரின் கைப்பேசிக்கு. அவரை அழைத்து, அவர் கல்லாவில் பாக்கியை வாங்கிப் போட்டுவிட்டு எண்ணை வாசிக்கும் வரை என் கையிலும் கைப்பேசி இருந்தாக வேண்டும். எண்ணைக் குறித்து முடித்த கை, தானாகவே வாட்ஸாப்பைத் திறக்கும். இதற்கு எந்த ஆய்விலும் மருந்து இல்லை.

முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். இந்த டைமரை நேரடியாக 25க்குத் திருப்பினால் சுருள்வில் முழுமையாக இறுகாது. ஒவ்வொரு முறையும் 55ஐத் தாண்டித் திருகி, பிறகு 25க்குப் பின்னால் கொண்டுவர வேண்டும். மறந்து நேராக வைத்தால் கடைசி இரண்டு நிமிடத்தில் சோர்ந்து, மணி அடிக்காமல் ஊமையாக நின்றுவிடும். நான் ஓய்வு எடுக்காமல் ஒன்றரை மணி நேரம் பில் பார்த்துக் கண் எரிந்து எழுந்த நாட்கள் உண்டு. மூன்று ஆண்டு கழித்தும் வாரத்தில் இரு முறையாவது மறக்கிறேன். ஒரு பொருளைப் பயன்படுத்தத் தெரிந்தவன், அதற்காக ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் ஒரு குறிப்பை வாசிக்க வேண்டியிருந்தால் அந்தப் பொருளில்தான் கோளாறு என்பேன்.

அடுத்தது அதன் உருண்டை அடி. ரங்கூன் மொகல் தெருவில், செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியில் இருந்த பாட்டையாவின் கணக்குப் பெட்டிதான் எனக்கு மேசை; சாய்ந்த மூடியுள்ள அந்தப் பெட்டியில் பேனா நிற்கும், பேரேடு நிற்கும், தக்காளி நிற்காது. துணியைச் சுருட்டி அண்டை கொடுத்திருந்தேன். போன மாதம் துணியைத் துவைக்க எடுத்துப் போய்விட்டார்கள். தக்காளி உருண்டு ஆத்தங்குடி ஓடு பதித்த தரையில் விழுந்தது. தரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழுதாகிக் கிடந்த பதினொரு நாளும் கைப்பேசியில் ஒரு டைமர் செயலியை வைத்து ஓட்டினேன். நிமிடக் கணக்கு துல்லியம், திருக வேண்டியதில்லை, உருண்டு விழவில்லை. ஆனாலும் அந்தப் பதினொரு நாளில் செய்த வேலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காரணம் புரிய எனக்கு நான்கு நாள் ஆனது.

எங்கள் வீட்டில் நான் உட்காருவது வளவை, அதாவது நடு முற்றத்தை ஒட்டிய அறையில். வளவுக்கு மேலே திறந்த வானம், சுற்றிலும் தேக்குத் தூண்கள், வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர், கீழே ஓடு. ஒலியை உறிஞ்ச ஒரு துணித்திரைகூடக் கிடையாது. தக்காளியின் டிக் டிக் வளவு முழுவதும் கேட்கும், பின்பக்கம் இரண்டாங்கட்டில் அரிவாள்மனையோடு உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவுக்கும் கேட்கும். வாங்கிய முதல் மாதம் அந்த ஓசை தாங்காமல் அதைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். ஆனால் நாளடைவில் அப்பத்தா அதைக் காவலுக்கு வைத்துக்கொண்டார். கீரைக்காரி வந்தாலும், வீட்டைச் சுற்றிப் பார்க்கலாமா என்று கேமராவோடு யாராவது முகப்பில் நின்றாலும், "தக்காளி ஓடுது, அவனைக் கூப்பிடாதிய" என்று அங்கேயே நிறுத்திவிடுவார். மணி அடித்தபின்தான் ஆத்தாவின் மளிகைப் பட்டியலும், தண்ணீர் மோட்டார் போடும் வேலையும் என்னிடம் வரும்.

கைப்பேசிச் செயலிக்கு ஓசை இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் நான் போனை எதிரில் நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அப்பத்தா கதவோரம் வந்து, "வேலை பாக்குறியா, போனைப் பாக்குறியா?" என்று கேட்டார். கேட்ட நேரத்தில் பாதி, நான் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே பங்காளிக்கு என் பதில்: வாங்காதே. ஒற்றை அறையில், காதில் இயர்போனோடு தனியாக இருப்பவனுக்கு இது ஓசை எழுப்பும் ஒரு பிளாஸ்டிக் உருண்டை. இது என் மனத்தை ஒன்றும் கட்டிப்போடவில்லை, வீட்டாரைத்தான் கட்டிப்போட்டது. உன்னைக் கூப்பிட அங்கே யார் இருக்கிறார்கள்?

பழுது பார்த்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணெய் காய்ந்து தூசியோடு இறுகிப் போயிருந்த சக்கரங்களைத் துடைத்து, நெளிந்த அச்சை நிமிர்த்திக் கொடுத்தார். வாங்கிய விலையில் பாதிக்கு மேல் கூலி. ஓட்டிப் பார்த்தால் 25 என்று வைத்தது இருபத்திரண்டரையிலேயே மணி அடித்துவிடுகிறது. ஓட ஓடச் சரியாகிவிடும் என்கிறார். நான்கு சுற்றுக்குப் பத்து நிமிடம் களவு போகிறது, நான் வரவு செலவில் இரண்டு ரூபாய் இடித்தால் தூங்காத ஆள். அடுத்த முறை நின்றால் குப்பைக்குத்தான் என்று இரவு சாப்பிடும்போது வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். காலையில் பார்த்தால், பழுது பார்ப்பவரின் எண்ணை ஆத்தாவிடம் கேட்டு, அடுப்படி நாட்காட்டியில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார் அப்பத்தா.