குரலா, எழுத்தா, சிவப்பு விளக்கா? விமானம் இறங்கும் நேரத்துக்கு எது சரிவரும்

தூத்துக்குடி வாகைக்குளத்தில் ஓடுதளத்தை 3,115 மீட்டருக்கு நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தபிறகு, பாளையங்கோட்டைப் பக்கம் ஆளாளுக்கு விமான நிபுணர் ஆகிவிட்டார்கள். இன்ஜினியரிங் படிக்கிற அக்கா மகன் கேட்டான்: "ஏன் மாமா, ஊரே மெசேஜ்ல ஓடுது, பைலட்டுமாரு மட்டும் எதுக்கு இன்னும் ரேடியோவுல பேசி, தப்பா கேட்டுக்கிட்டு இருக்காவ?" நியாயமான கேள்விதான். ஆனால் இறங்குகிற நேரத்துக்கு மெசேஜ் தோதுப்படாது என்பது என் கட்சி.

முதலில் குரல். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்லணும், அதைக் கோபுரம் காது கொடுத்துக் கேட்டுச் சரிபார்க்கணும். போனில் பலசரக்கு லிஸ்ட் சொன்னால் கடை அண்ணாச்சி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்வாரே, அந்த ஏற்பாடுதான். அந்நேரம் நாம் டிவி பார்த்துக்கொண்டிருந்தால் துவரம்பருப்புக்குப் பதில் கடலைப்பருப்பு வந்து இறங்கும். 1989 பிப்ரவரியில் கோலாலம்பூரில் நடந்தது இதுதான். ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானத்தை 2,400 அடிக்கு இறங்கச் சொல்லி, 'டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்றார் கட்டுப்பாட்டாளர். விமானி முதல் 'டூ'வை இரண்டு என்ற எண்ணாக எடுக்காமல், 'இந்த உயரத்துக்கு' என்கிற அர்த்தத்தில் வரும் ஆங்கில 'டூ' (to) என்று எடுத்து, 400 அடி என்று திருப்பிச் சொன்னார். யாரும் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதி, உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள்.

இந்த இடத்தில் எழுத்து ஜெயித்திருக்கும், மறுக்கவில்லை. சிபிடிஎல்சி என்று, கட்டுப்பாட்டாளரும் விமானியும் எழுத்திலேயே பேசிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று கடல் மேல் பறக்கும்போது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. உத்தரவு திரையில் வரும், ஏற்றுக்கொண்டால் 'வில்கோ', முடியாதென்றால் 'அனேபிள்' என்று பட்டனைத் தட்டினால் போதும். நடுக்கடலில் பதில் ஒரு நிமிடம் தாமதமானாலும் பரவாயில்லை. ஆனால் இறங்கும்போது ஜெட் விமானம் மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் வரும், 20 விநாடிக்குள் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோமீட்டர் போய்விடும். ஓடுதளத்தைப் பார்க்க வேண்டிய கண்ணைத் திரையில் வைப்பதா? அப்புறம், ரேடியோவில் ஒருத்தருக்குச் சொன்னது சுற்றியுள்ள எல்லா விமானிகளுக்கும் கேட்கும். மெசேஜில் அது கிடையாது.

இன்னொன்று, எழுத்து காதுக் கோளாறைத்தான் தீர்க்கும். 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. கடலோரக் காவல் விமானத்திடம் 'நம்பர் ஒன், சி5 நிறுத்தக்கோட்டுக்குப் போ' என்றது கோபுரம். 'நம்பர் ஒன்' என்றால் கிளம்பும் வரிசையில் முதல் ஆள், நிறுத்தக்கோடு ஓடுதளத்துக்கு வெளியே நிற்க வேண்டிய இடம். அவர்களும் பிசகில்லாமல் திருப்பிச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, தங்களுக்குத்தான் ஓடுதளம் என்று நினைத்து உள்ளே போய் நின்றார்கள். இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மேலே வந்து மோதியது. அதில் இருந்த 379 பேரும் தப்பியது பெரிய விஷயம், காவல் விமானத்தில் ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். 'நம்பர் ஒன்' என்பதைத் திரையில் படித்திருந்தாலும் அதே நினைப்புதானே வந்திருக்கும்?

இங்கே கைகொடுக்கக்கூடியது மூன்றாவது: நிறுத்தக்கோட்டில் தரையில் பதித்த சிவப்பு விளக்கு வரிசை. பேச்சு எப்படி இருந்தாலும், சிவப்பு எரிந்தால் தாண்டக் கூடாது. ஹனேடாவில் அன்று அது பராமரிப்புக்காக வேலை செய்யவில்லை. கோபுரத்துத் திரையில் எச்சரிக்கை ஒரு நிமிடத்துக்கு மேல் காட்டியும் கட்டுப்பாட்டாளர் கவனிக்கவில்லை என்பது வேறு கதை. எனவே என் ஓட்டு குரலுக்கும் விளக்குக்கும் சேர்த்து. வாகைக்குளத்துக்குப் பெரிய விமானங்கள் வரும்போது அந்த விளக்கு வரிசைக்குச் செலவழித்தால் நல்லது.

ஒன்றில் மட்டும் விளக்கும் உதவாது. 1990 ஜனவரியில் நியூயார்க் வந்த கொலம்பியாவின் அவியாங்கா நிறுவன விமானம் வானத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காக்கவைக்கப்பட்டு, எரிபொருள் தீர்ந்து விழுந்தது, 73 பேர் போனார்கள். விமானிகள் முன்னுரிமை வேண்டும் என்றார்கள், எரிபொருள் தீர்கிறது என்றார்கள், 'மேடே' என்கிற ஆபத்துக்கால அழைப்பை மட்டும் சொல்லவேயில்லை. பின்னாளில் 'மினிமம் ஃப்யூயல்' (இனித் தாமதம் தாங்காது), 'மேடே ஃப்யூயல்' (எரிபொருள் ஆபத்து) என்று இரண்டு வாசகங்களை உலகம் முழுக்க வகுத்துவைத்தார்கள். அதையும் விமானிதான் வாய் திறந்து சொல்லணும்.