எச்சரிக்கை: அடுக்குக் கட்டில் செய்து தருகிறோம் என்று 64,000 ரூபாய் வாங்கிக்கொண்டு இப்போது கையை விரிக்கிறார்கள்

சின்ன வீட்டில் படுக்க இடம் பண்ணுவதற்காக ஆன்லைனில் ஃபர்னிச்சர் ஆர்டர் கொடுக்கலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், அதுவும் "உங்கள் ரூம் அளவுக்குச் செய்து தருகிறோம்" என்று விளம்பரம் போடுகிறவர்களிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். 64,000 ரூபாய். சீட்டு எடுத்த பணம். அதைக் கொடுத்துவிட்டு இன்றைக்கு எங்கள் பெட்ரூமில் யாரும் ஏறிப் படுக்க முடியாத பலகைகள் நிற்கின்றன. என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இன்று காலையிலும் அவர்கள் கஸ்டமர் கேரில் பேசிவிட்டு வயிறு எரிந்துபோய்த்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கம்பெனி பெயர் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது ஒரு முடிவுக்கு வரும்வரை பெயர் வேண்டாம் என்கிறார் என் வீட்டுக்காரர். என்ன மாதிரி ஆட்கள் என்று மட்டும் சொல்கிறேன். ஆப் வைத்திருப்பார்கள், வீட்டுக்கே வந்து அளவெடுப்பார்கள், 3டி படம் போட்டுக் காட்டுவார்கள், கட்டில், அலமாரி, தடுப்பு எல்லாம் செய்து மாட்டித் தருவதாகச் சொல்வார்கள். எலிவளை மாதிரி இருக்கும் ரூமில் நாலு பேர் வசதியாகப் படுப்பதாக வீடியோ போடுவார்கள். அந்த வீடியோவைப் பார்த்துத்தான் நாங்களும் கூப்பிட்டோம்.

எங்கள் வீடு அரும்பாக்கம் பக்கம் பழைய குடியிருப்பில் முதல் மாடி. ஒரு ஹால், ஒரு பெட்ரூம், கிச்சன். பெட்ரூம் பத்தடிக்கு ஒன்பதடி, அதிலேயே பீரோவும் இருக்கிறது. மாமனார் தவறிய பிறகு அத்தையை ஊரில் தனியாக விட மனசு வரவில்லை, கூட்டி வந்துவிட்டோம். ஆக ஐந்து பேர். பெரியவளுக்குப் பதிமூன்று வயசு, சின்னவனுக்கு ஏழு. வயசுக்கு வந்த பிள்ளை உடை மாற்றக்கூட பாத்ரூமுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. பரீட்சை நேரத்தில் ராத்திரி லைட் போட்டுப் படித்தால் பாட்டிக்குத் தூக்கம் போகிறது, அணைத்தால் அவளுக்குப் படிப்பு போகிறது. அத்தைக்கு மூட்டுவலி, தரையில் படுத்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். பெரிய வீட்டுக்குப் போகலாம் என்றால் இரண்டு பெட்ரூம் வாடகைக்கு எங்கள் சம்பளம் ஈடுகொடுக்காது, அட்வான்ஸ் வேறு. இருக்கிற ரூமையே உயரமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றுதான் அடுக்குக் கட்டில் யோசனை வந்தது. மேல் தட்டு மகளுக்கு, கீழ் தட்டு அத்தைக்கு, அடியில் சக்கரம் வைத்து இழுக்கிற கட்டில் பையனுக்கு. நாங்கள் இருவரும் ஹாலில்.

அளவெடுக்க வந்த பையனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவன்தான் எங்களை நம்ப வைத்தவன். கம்பெனி டி-ஷர்ட், கழுத்தில் ஐடி கார்டு. சுவரில் சிவப்புப் புள்ளி விழுகிற லேசர் மீட்டரை வைத்து மூலைக்கு மூலை அளந்தான், ஸ்விட்ச் போர்டு எங்கே, ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது எல்லாம் குறித்துக்கொண்டான். அப்புறம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அத்தையிடம், "பாட்டி, உங்களுக்கு எவ்வளவு உயரம் இருந்தா உட்கார்ந்து எழ வசதியா இருக்கும்"னு கேட்டு, அவரை நாற்காலியில் உட்கார வைத்து முழங்கால் உயரத்தை டேப் வைத்து அளந்தான். எங்கள் வீட்டில் யாரும் அத்தையிடம் அப்படிக் கேட்டதில்லை. மகளிடம், "பாப்பா, மேல் தட்டைச் சுத்தி ஸ்கிரீன் ரெயில் போட்டுத் தர்றேன், இழுத்துவிட்டா உன் ரூம், உள்ளே ஒரு சின்ன லைட், புக் வைக்க ஒரு தட்டு" என்றான். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கே ஸ்கிரீன் துணிக்கு நிறம் பார்க்க ஆரம்பித்துவிட்டாள், பச்சையா நீலமா என்று தோழிகளிடமெல்லாம் கேட்டாள்.

ஃபேன் இடிக்காதா என்று என் வீட்டுக்காரர் அப்போதே கேட்டார். "சீலிங் ஃபேனைக் கழட்டிட்டு சுவர் ஃபேன் ரெண்டு மாட்டித் தருவோம் சார், அது எங்க பொறுப்பு" என்றான். வாய்ப்பேச்சு வேண்டாம் என்று சொன்னதும் வாட்ஸப்பிலும் எழுதி அனுப்பினான். அந்த மெசேஜ் இன்னும் எங்களிடம் இருக்கிறது. கொட்டேஷனில் 18 எம்.எம். மரைன் பிளைவுட், ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்குகிற பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) என்று தெளிவாகப் போட்டிருந்தது. மொத்தம் 92,000. புக்கிங்குக்கு 10,000, 3டி படம் ஓகே சொன்னதும் 36,000, சரக்கு கிளம்புவதற்கு முன் 18,000. கூட்டிப் பாருங்கள், 64,000. மீதி வேலை முடிந்த பிறகு என்று பேச்சு.

சொன்ன தேதியில் வரவில்லை. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் அட்டைப் பெட்டிகளோடு இரண்டு பேர் வந்தார்கள். அளவெடுத்த பையன் வரவில்லை. வந்தவர்கள் கையில் படமும் இல்லை, போனில் யாரிடமோ கேட்டுக் கேட்டு மாட்டினார்கள். இழுக்கிற கட்டில் வரவில்லை, ஸ்கிரீன் ரெயில் வரவில்லை, சுவர் ஃபேன் என்றால் என்ன என்று எங்களையே கேட்டார்கள். "பேலன்ஸ் மெட்டீரியல் அடுத்த வண்டியில வரும்க்கா" என்று சொல்லிவிட்டு, "டெலிவரி ஆயிடுச்சுன்னு ஒரு ஓடிபி சொல்லுங்க" என்று நின்றார்கள். பாதிதானே வந்திருக்கிறது, எதற்கு ஓடிபி என்று கேட்டால் வண்டிக்கான ஓடிபி என்றார்கள். அந்த ஓடிபியைத்தான் இப்போது "கஸ்டமர் திருப்தியாக வாங்கிக்கொண்டார்" என்று எங்களுக்கே காட்டுகிறார்கள்!

மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் முழு லட்சணமும் தெரிந்தது. எங்கள் ரூம் அகலம் ஒன்பதடி. ஃபேன் நடுவில், அதாவது சுவரிலிருந்து நாலரை அடியில். சாதாரண 1200 எம்.எம். ஃபேன், இறக்கை மட்டும் இரண்டடி நீளும். மீதி சுவருக்கும் இறக்கை நுனிக்கும் நடுவே இரண்டரை அடி. கட்டில் அகலம் மூன்றடி. மேல் தட்டில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து கையைத் தூக்கினால் இறக்கை கையில் படும். அவர்கள் அனுப்பிய 3டி படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் ரூமில் ஃபேனே இல்லை. சென்னையில் ஃபேன் இல்லாத ரூம்! விழாமல் இருப்பதற்கான தடுப்புப் பலகை எட்டு அங்குலம், அவர்களே கொடுத்த மெத்தை ஆறு அங்குலம், ஆக மெத்தைக்கு மேலே நிற்பது இரண்டே இரண்டு அங்குலம். தூக்கத்தில் புரண்டால் அது எதைத் தடுக்கும்? குறைந்தது ஐந்து அங்குலமாவது மெத்தைக்கு மேலே நிற்க வேண்டும்.

என் சின்னவன் ஏணியில் இரண்டு படி ஏறினான், மேல்படி ஸ்க்ரூவோடு கையில் வந்துவிட்டது. நல்லவேளை நான் பின்னால் நின்றேன், பிடித்துவிட்டேன். கீழ்வீட்டு அண்ணன் தச்சு வேலை பார்ப்பவர், அவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் ஸ்க்ரூ இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டார், புட்டு மாவு மாதிரி உதிர்ந்து கொட்டியது. ஓரத்தில் ஒட்டியிருந்த பட்டையை நகத்தால் உரித்துக் காட்டினார். பிளைவுட் என்றால் வெட்டிய ஓரத்தில் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரிவரியாகத் தெரியும். இதில் வரியே இல்லை, வெறும் மரத்தூள் அழுத்திய பார்ட்டிகிள் போர்டு. "இதுல ஒரு தடவை ஸ்க்ரூ புடுங்கிட்டா அதே ஓட்டையில திரும்ப நிக்காதும்மா, இதுல போய் ஆளைப் படுக்க வைக்கிறதா" என்று அவரே கோபப்பட்டார். 710 என்று எழுதிக் காசு வாங்கிவிட்டு இதைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்கேயும் இல்லை. வீடு துடைத்த தண்ணீர் பட்டே கட்டில் காலின் அடிப்பக்கம் இப்போது உப்பிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அந்த 64,000-ஐ விட அதிகமாக வலிக்கிறது. முதலில் அளவெடுத்த பையனுக்கே போட்டோ எல்லாம் அனுப்பினேன். "சாரிக்கா, நாளைக்கே ஆள் அனுப்புறேன்" என்றான். அப்புறம் ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. கஸ்டமர் கேரில் கேட்டால், அந்த ஸ்டாஃப் இப்போது கம்பெனியில் இல்லையாம், அவர் வாட்ஸப்பில் சொன்னதற்குக் கம்பெனி பொறுப்பில்லையாம். ஒவ்வொரு தடவையும் புது ஆள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும், கேட்டுவிட்டு "டிக்கெட் ரைஸ் பண்ணிட்டேன் மேடம், 72 மணி நேரத்துல கால் வரும்" என்பார்கள். கால் வராது, டிக்கெட் குளோஸ் ஆனதாக மெசேஜ்தான் வரும். ஒருத்தர், ரூம் சின்னதாக இருப்பது உங்கள் பிரச்சினை என்றார். ரூம் சின்னதாக இருப்பதால்தானே உங்களிடம் வந்தோம்! இன்னொருவர், மீதி 28,000 கட்டினால்தான் சர்வீஸ் ஆளே வருவார் என்றார். கடைசியாகப் பேசிய மேனேஜர், "நாங்க வெறும் பிளாட்ஃபார்ம்தான் மேடம், செஞ்சது எங்க பார்ட்னர், அவங்ககிட்ட பேசிக்குங்க" என்றார். சரி, பார்ட்னர் நம்பர் கொடுங்கள் என்றால் பாலிசிப்படி கொடுக்க முடியாதாம். பணம் வாங்கும்போது பிளாட்ஃபார்ம் பெயரில்தானே கியூஆர் அனுப்பினீர்கள், பில் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன், லைன் கட்.

என் வீட்டுக்காரருடன் வேலை பார்ப்பவர் சொல்லித்தான் தெரிந்தது, 2020-இல் வந்த இ-காமர்ஸ் விதிகளின்படி இப்படி விற்கிற தளங்கள் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பவர் யார் என்ற விவரத்தையும் மறைக்கக் கூடாது. அதை எழுதி மெயில் போட்டோம். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம், அவர்கள் கம்பெனிக்கு அனுப்பினார்கள். "கஸ்டமர் ஒத்துழைக்கவில்லை" என்று கம்பெனி பதில் போட்டிருக்கிறது. உதவி எண்ணில் பேசி முடிக்கப் பார்ப்பார்கள், பணத்தைக் கொடு என்று உத்தரவு போட அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. அதனால் இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். கம்பெனியின் நிபந்தனைகளில் வழக்கு என்றால் பெங்களூரில்தான் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பயப்படாதீர்கள், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற ஊரிலேயே மனு போடலாம். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இ-ஜாக்ரிதி என்கிற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

அதுவரை? மெத்தையை மட்டும் எடுத்து ஹாலில் போட்டு அத்தையைப் படுக்க வைத்திருக்கிறோம். கழற்றவும் பயம், அதுதான் எங்கள் சாட்சி. அந்த மரக்கூண்டு பெட்ரூமில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்பதால் முன்பு இருந்த இடமும் போய்விட்டது. மகள் இப்போது ஸ்கிரீன் பேச்சையே எடுப்பதில்லை. அவளுக்கு ஆசை காட்டி என் பணத்தை எடுத்தார்களே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கவனிக்க வேண்டியதெல்லாம் விவரமாக எழுதுகிறேன் என்றேன், பையனை ஸ்கூலில் இருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். 3டி படத்தில் உங்கள் ஃபேன், கதவு, பீரோ எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். மாட்டுவதற்கு முன்பே பலகையின் வெட்டிய ஓரத்தைக் காட்டச் சொல்லுங்கள், பட்டை ஒட்டிய பிறகு ஒன்றும் தெரியாது. பாதிச் சரக்குக்கு ஓடிபி கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஜி.எஸ்.டி. பில் கையில் வராமல் இரண்டாவது தவணை கட்டாதீர்கள். ஆறு வயசுக்குக் கீழ் இருக்கிற குழந்தையை யார் என்ன சொன்னாலும் மேல் தட்டில் படுக்க வைக்காதீர்கள்.

இதே மாதிரி ஆட்களிடம் கட்டிலுக்கோ அலமாரிக்கோ பணம் கட்டிவிட்டு அலைகிறவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள். ஒரே கம்பெனியாக இருந்தால் ஆணையத்தின் அனுமதியோடு பல பேர் சேர்ந்து ஒரே மனுவாகவும் போடலாமாம். என்னிடம் கொட்டேஷன், வாட்ஸப், பணம் போன ரசீது, உரித்த பலகை போட்டோ எல்லாம் இருக்கிறது. அந்த 64,000-ஐ விடப் போவதில்லை.