16×2, 20×4 எல்சிடி: எழுத்தை இடம் பார்த்து வைப்பது

மாடித் தொட்டியின் நீர்மட்டம் காட்ட, ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன நிரல் பலகையோடு 16×2 எல்சிடி (வரிக்கு 16 எழுத்து, 2 வரி காட்டும் திரை) ஒன்றைப் பல வருடமாக ஓட்டுகிறேன். அப்புறம் மேசைக்கு 20×4 ஒன்றும் வந்து சேர்ந்தது. இரண்டிலும் இருப்பது ஹிட்டாச்சியின் ஹெச்டி44780 வழி வந்த கன்ட்ரோலர், அதாவது திரையை இயக்கும் சிப்தான். பழகியதில் எனக்கு உறுதியாகிவிட்ட விஷயம் இது: லூப்புக்குள், அதாவது நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள், திரை முழுவதையும் அழிக்கும் கிளியர் கட்டளையே வேண்டாம். ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் இடம் ஒதுக்கி, அங்கே மட்டும் மேலே எழுதுங்கள்.

பெரும்பாலான கட்டளைகளுக்கு 37 மைக்ரோ நொடி போதும். கிளியருக்கு 1.52 மில்லி நொடி. கேட்கச் சின்னதுதான், ஆனால் திரை காலியாவதும் நிரம்புவதும் ஓயாமல் நடந்தால் எழுத்து மங்கி நடுங்கும். இரவில் பார்த்தால் கண் வலிக்கும்.

கிளியரை எடுத்தவுடன் வேறொன்று தலைகாட்டும். “100%” இருந்த இடத்தில் “99%” எழுதினால் திரையில் “99%%” நிற்கும். கடைசிக் கட்டத்தில் இருந்த பழைய குறியை யாரும் அழிக்கவில்லை அல்லவா? எண் 100க்குக் கீழே என்றால் முன்னால் ஓர் இடைவெளி, 10க்குக் கீழே என்றால் இன்னொன்று அச்சிடுங்கள். இரண்டே இஃப் (நிபந்தனை) வரிகள். எண் எப்போதும் மூன்று கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், சதவீதக் குறி அசையாது.

20×4இல் பலரும் குழம்புவது வரிசையில்தான். சிப்பின் நினைவகம் 80 எழுத்துக்கு. அதில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண், அதுதான் முகவரி. முதல் வரி முகவரி 0இலும் இரண்டாவது 64இலும் தொடங்கும். மூன்றாவது வரிக்கு 20, நான்காவதுக்கு 84. அதாவது மூன்றாவது வரி என்பது முதல் வரியின் தொடர்ச்சி. முதல் வரியில் 25 எழுத்து எழுதினால் மிச்சம் 5 எழுத்து மூன்றாவது வரியில் போய் விழும். திரை பழுது என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம், அதன் அமைப்பே அப்படி. சில லைப்ரரிகளில் (ஆயத்த நிரல் தொகுப்புகளில்) இந்த 20, 84 நிரலிலேயே பதிந்திருக்கும். அவற்றை 16×4 திரையில் போட்டால் கீழ் இரண்டு வரியும் 4 கட்டம் வலப்பக்கம் தள்ளித் தொடங்கும். அங்கே வேண்டியது 16, 80.

எனக்கு மிகவும் பிடித்தது நாமே வரையும் எழுத்துகள். எட்டு இடம்தான், ஒவ்வொன்றும் 5×8 புள்ளி. ஒரு கட்டத்தில் ஐந்து நெடுக்குக் கோடுகள் என்பதால் 10 கட்டப் பட்டையில் 50 படிகள் கிடைக்கும், படிக்கு 2 சதவீதம். தொட்டிக்கு இதைவிட அழகான காட்சி இல்லை. எழுத்தை வரைந்து முடித்ததும், எழுதும் இடத்தைக் குறிக்கும் செட்கர்சர் கட்டளை கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் அடுத்து அச்சிடுவது திரைக்குப் போகாமல், எழுத்து வடிவங்களின் நினைவகத்துக்குள் போய்விடும்.

குறை என்றால், வெயில் காலத்தில் பின்னணிக் கட்டங்கள் கறுத்துத் தெரியும். எழுத்தின் அடர்த்தியை மாற்றும் கான்ட்ராஸ்ட் திருகைக் கொஞ்சம் திருப்பினால் சரி.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை, ஐ2சி (இரண்டே கம்பியில் தகவல் அனுப்பும் முறை) பலகை பொருத்திய 20×4. ஆறு பின்னுக்குப் பதில் இரண்டே போதும். நிரல் எழுதும் முன் கட்டம் போட்ட தாளில் நான்கு வரி வரைந்து, எது எந்தக் கட்டத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். செட்கர்சருக்குக் கொடுக்கும் “நெடுவரிசை, வரி” இரண்டுமே 0இலிருந்து எண்ண வேண்டும். தலைப்புச் சொற்களை செட்டப்பில் (தொடக்கத்தில் ஒரு தடவை மட்டும் ஓடும் பகுதியில்) ஒருமுறை எழுதிவிடுங்கள், லூப்பில் எண்கள் மட்டும் மாறட்டும்.