எச்சரிக்கை: 'ஹெச்டி எக்ஸ்போர்ட்'னு காசு வாங்கிட்டு சின்ன போட்டோவ இழுத்து பெருசாக்கி குடுக்குறாங்க

ஒரு வாரமா மனசே ஆறல, அதான் எழுதுறேன். போட்டோ எடிட் பண்ற ஆப் ஒண்ணுல அப்பாவோட பழைய போட்டோவ சரி பண்ணப் போயி காசும் போச்சு, மூணு ராத்திரி உக்காந்து செஞ்ச வேலையும் போச்சு. ஆப் பேர் போடல, பேர மாத்திக்கிட்டு நாளைக்கு வேற ஒண்ணு வரும், ஏமாத்துற விதம் தெரிஞ்சாதான் தப்பிக்க முடியும்.

சித்தப்பா ஆல்பத்துல இருந்த 6க்கு 4 இன்ச் போட்டோ அது. அப்பா சின்ன வயசுல, மெல்லிசா கோடு போட்ட சட்டையில நிக்கிறாரு. 600 டிபிஐல, அதாவது இன்ச்சுக்கு 600 புள்ளி கணக்குல ஸ்கேன் பண்ணேன், 3600க்கு 2400 பிக்சல் வந்துச்சு, அதாவது 86 லட்சம் பிக்சல். நடுவுல மடிஞ்சு வெள்ளையா ஒரு கீறல், கன்னத்துல பூஞ்சப் புள்ளி, இத எடுக்கத்தான் அந்த ஆப்ப போட்டேன். டூல் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, அத மறைக்கல. முதல் ராத்திரி கீறல் பாதி போச்சு, 'சேவ்' அமுக்கிட்டு தூங்கிட்டேன். அங்கதான் முதல் அடி. அது தனி ஃபைலா சேவ் பண்ணல, ஒரு வார்த்த கேக்காம என் ஒரிஜினல் ஸ்கேன் மேலயே எழுதிருச்சு, அதுவும் அகலத்த 1280 பிக்சலா சுருக்கி.

அது எனக்கு அப்ப தெரியல. ஸ்க்ரீன்ல பாக்கும்போது 3600ம் 1280ம் ஒரே மாதிரிதான் தெரியும், ரெண்டையும் ஸ்க்ரீனுக்குள்ள அடங்குற மாதிரி சுருக்கித்தானே காட்டுது. மூணாவது நாள் வேல முடிச்சு எக்ஸ்போர்ட் பண்ணி ஃபைல் டீட்டெயில்ஸ் பாத்தா 1280க்கு 853. 11 லட்சம் பிக்சல் கூட முழுசா இல்ல, எட்டுல ஒரு பங்குதான் மிச்சம். 12 இன்ச் அகலத்துக்கு பிரின்ட் போட்டா இன்ச்சுக்கு 107 பிக்சல்தான் வரும், கையில வச்சு பாக்குற பிரின்டுக்கு 300 இருந்தா நல்லது.

சரி இது ஃப்ரீ வெர்ஷன், அதான் சுருக்குறாங்கன்னு நெனச்சேன். பக்கத்துலயே 'ஒரிஜினல் குவாலிட்டி ஹெச்டி'ன்னு பட்டன் இருந்துச்சு, காசு கட்டுனேன். 3600க்கு 2400 வந்துச்சு, எம்பியும் பெருசு, சந்தோஷமாயிருச்சு. அப்புறம் 100 சதவீதத்துக்கு ஜூம் பண்ணி சட்டைய பாத்தேன். கோட்டையே காணோம். ஸ்கேன்ல ஒவ்வொரு கோடும் தனித்தனியா எண்ணலாம், இதுல எல்லாம் கலந்து சாம்பல் கலர்ல ஒரே மெழுகல், புருவம் ப்ரஷ்ல இழுத்த மாதிரி ஒரு பட்டை. 1280ஐ எடுத்து 3600க்கு இழுத்து வச்சிருக்காங்க. சுருக்கும்போது போன கோடு, திரும்ப பெருசாக்குனா எங்கருந்து வரும்? நடுவுல இருக்குற பிக்சல சாஃப்ட்வேர் சுத்தி இருக்குறத பாத்து ஊகிச்சு நிரப்புது, அவ்வளவுதான். எம்பி பெருசா இருந்ததும் எதுக்கும் சாட்சி இல்ல, ஜேபெக் குவாலிட்டிய உச்சத்துல வச்சா மங்கல் படமும் பெரிய ஃபைலாத்தான் வரும்.

ஒருவேள நான் நடுவுல சேவ் பண்ணதாலதான் இப்படியோன்னு சந்தேகம் வந்து, சித்தப்பாகிட்ட மறுபடி ஆல்பம் வாங்கி புதுசா ஸ்கேன் பண்ணி, எதையும் தொடாம நேரா ஹெச்டி எக்ஸ்போர்ட் குடுத்தேன். அதே மெழுகல். அதாவது ஃபைல திறக்கும்போதே சுருக்கிக்குது. அந்த ஹெச்டி ஃபைல ஜிம்ப்ல (போட்டோ எடிட் பண்ற இலவச சாஃப்ட்வேர்) போட்டு 1280க்கு சுருக்கி, மறுபடி 3600 ஆக்கி, அதையும் சுருக்காத ஹெச்டி ஃபைலையும் ரெண்டு லேயரா, அதாவது அடுக்கா, ஒண்ணுமேல ஒண்ணு வச்சு டிஃபரன்ஸ் மோடுல பாத்தேன், அதுல ரெண்டும் ஒரே மாதிரி இருக்குற இடம் கறுப்பா தெரியும். கிட்டத்தட்ட முழுக் கறுப்பு, அதாவது அந்த 3600ல 1280க்கு மேல ஒண்ணுமே இல்ல. என் ஸ்கேன்ல இதே மாதிரி பண்ணா சட்டைக் கோடும் முடியோட ஓரமும் பளிச்சுனு தெரிஞ்சுச்சு. உங்களுக்கு சந்தேகம் இருந்தா இத பண்ணிப் பாருங்க, பத்து நிமிஷ வேல.

இந்த ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் போட்டு சப்போர்ட்டுக்கு மெயில் அனுப்புனேன். 'உங்க ஃபைல் 300 டிபிஐல இருக்கு, அதனால ஹெச்டிதான்'னு பதில். இதுலதான் எனக்கு ரொம்ப கோவம். ஸ்கேன் முடிஞ்சப்புறம் டிபிஐங்கறது ஃபைலுக்குள்ள எழுதி வைக்கிற ஒரு நம்பர், பிரின்ட் எடுக்கும்போது எத்தன இன்ச்சுல வரணும்னு சொல்லும், அவ்வளவுதான். ஃபோட்டோஷாப்ல இமேஜ் சைஸ் போயி ரீசாம்பிள்ங்கற (பிக்சல் எண்ணிக்கைய மாத்துற) டிக்க எடுத்துட்டு 72ஐ 300 ஆக்குங்க, ஒரு பிக்சல் கூட கூடாது குறையாது. விவரம் தெரியாதவங்க இந்த பதில நம்பி பேசாம போயிடுவாங்க. ரீஃபண்ட் கேட்டதுக்கு 'எக்ஸ்போர்ட் பண்ணிட்டீங்க, தர முடியாது'ன்னாங்க.

'சேவ்' அமுக்குனதும் ஒரிஜினல் ஜேபெக் மேலயே எழுதுறது ஜிம்ப்ல இல்ல. 2012ல வந்த 2.8லேர்ந்து அதுல 'சேவ்'னா ஜிம்போட சொந்த ஃபைல் வகையான எக்ஸ்சிஎஃப் மட்டும்தான், ஜேபெக் வேணும்னா தனியா எக்ஸ்போர்ட் போகணும். எனக்கே அது எரிச்சலா இருந்துச்சு, ஒரு ஜேபெக் சேவ் பண்ண இவ்வளவு சுத்தணுமான்னு. இப்பதான் புரியுது, லேயரோட முழு வேலையும் ஒரு ஃபைல்ல பத்திரமா இருக்கும், ஜேபெக் அதுலேர்ந்து எடுக்குற நகல். ஜேபெக்கையே திரும்பத் திரும்ப எடிட் பண்ணி சேவ் பண்ணா, அது படத்த 8க்கு 8 பிக்சல் கட்டமா பிரிச்சு ஒவ்வொரு தடவையும் நுணுக்கத்த கொஞ்சம் கழிக்கும், முகத்துலயும் வானத்துலயும் கட்டம் கட்டமா தெரிய ஆரம்பிக்கும்.

அதனால எந்த ஆப்பா இருந்தாலும் காசு கட்டுறதுக்கு முன்னாடி, ஒரிஜினல வேற ஃபோல்டர்ல காப்பி பண்ணி வச்சிட்டு, வேண்டாத போட்டோ ஒண்ண உள்ள விட்டு சேவ் பண்ணிப் பாருங்க. அகலம் உயரம் எத்தன பிக்சல் வருது, பழைய ஃபைல் அப்படியே இருக்கா, இத பாக்காம வேலைய ஆரம்பிக்காதீங்க. காசு கட்டிட்டீங்கன்னா முதல் எக்ஸ்போர்ட்டையே முழுசா ஜூம் பண்ணி துணியோட நெசவு, கண் இமை, சின்ன எழுத்து எதாவது ஒண்ண ஒரிஜினலோட பக்கத்துல வச்சு பாருங்க.

ஏற்கனவே இந்த மாதிரி ஆப்ல குடும்பப் போட்டோ சேவ் பண்ணிருந்தா இன்னைக்கே உங்க கிளவுட் பேக்கப்ல பழைய வெர்ஷன் இருக்கான்னு தேடுங்க, அது கொஞ்ச நாள்தான் இருக்கும், அப்புறம் அழிஞ்சிரும். எனக்கு மறுபடி ஸ்கேன் பண்ண ஆல்பமாவது இருந்துச்சு. இப்ப ஜிம்ப்ல முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கேன், கீறல நெஞ்சு வரைக்கும் எடுத்தாச்சு, சட்டைக் கோடு எல்லாம் அப்படியே இருக்கு.