பரங்கிக்குக் கொக்கி, தொப்பிக்கு ஊசி

செப்டம்பர் பிறந்துவிட்டால் டொராண்டோ நூல் கடைகளில் ஆரஞ்சும் கறுப்பும் வந்து குவிந்துவிடும். மேப்பிள் இலை சிவக்கும், மாலை சீக்கிரம் இருட்டும், அக்டோபர் 31 ஹாலோவீனுக்குள் ஏதாவது பின்னிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அப்போது புதிதாகப் பழகுகிறவர்கள் தவறாமல் கேட்பார்கள்: இரண்டு ஊசி பிடிக்கும் நிட்டிங்கா, ஒற்றைக் கொக்கி பிடிக்கும் குரோஷேயா?

என்ன பின்னப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், பதில் சொல்கிறேன். தானாக நிமிர்ந்து நிற்க வேண்டிய பொருளென்றால் குரோஷே. உடம்பில் ஒட்டி வளைந்துகொடுக்க வேண்டியதென்றால் நிட்டிங். நிட்டிங்கில் ஒரு வரிசையின் கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், எல்லாமே ஊசியில் ஏறி நிற்கும். வளையத்துக்குள் வளையமாகக் கோர்ப்பதால் துணி இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். குரோஷேயில் ஒரு கண்ணியை முடித்த பிறகுதான் அடுத்தது, கொக்கியில் எப்போதும் மிஞ்சுவது ஒரே ஒரு வளையம். அதனால் துணி தடிப்பாகவும் விறைப்பாகவும் வரும், நூலும் கூடுதலாகச் செலவாகும்.

முதலில் பரங்கிக்காய். குரோஷேயில் இதைப் படுக்கைவசமாகப் பின்ன வேண்டும். நடுத்தரத் தடிமனுள்ள நூல், 5 மி.மீ. கொக்கி, 25 சங்கிலிக் கண்ணி. ஒவ்வொரு கண்ணியிலும் பின்பக்க இழையை மட்டும் எடுத்து 40 வரிசை போனால் பரங்கியின் வரிகள் தாமாகவே விழும். இரு முனைகளையும் சேர்த்துத் தைத்து, அடியைச் சுருக்கி, பஞ்சை அடைத்து, மேலேயும் சுருக்கினால் முடிந்தது. ஒரு மாலை போதும். நிட்டிங்கில் 4.5 மி.மீ. ஊசியில் 60 கண்ணி ஏற்றி, இரண்டு நிட் (நேர்க் கண்ணி) இரண்டு பர்ல் (எதிர்க் கண்ணி) என்று 15 செ.மீ. பின்னிச் சுருக்கலாம். வரிகள் இன்னும் நேர்த்தியாக, நிஜப் பரங்கியின் மடிப்பு போலவே விழும். ஆனால் எனக்கு மூன்று மாலை பிடிக்கிறது. பஞ்சு அடைத்ததும் துணி விரிந்து இடுக்கு வழியே வெள்ளை தெரியும். பழைய நைலான் ஸ்டாக்கிங்கில் பஞ்சைப் போட்டு உள்ளே வைத்தால் அது மறையும். இத்தனைக்குப் பிறகும் என் ஓட்டு குரோஷேக்குத்தான். வாசற்படியில் ஐந்தாறு பரங்கி வரிசையாக நின்றால்தானே அழகு? நிட்டிங்கில் அத்தனை முடிப்பதற்குள் நவம்பர் வந்துவிடும்.

சிலந்தி வலையில் போட்டியே இல்லை. நடுவில் ஒரு வளையம், அதிலிருந்து எட்டுக் கால், கால்களுக்கு இடையே சங்கிலி. பருத்தி நூலில் பின்னி, வேட்டிக்குப் போடுவதுபோல் கெட்டியாகக் கஞ்சி போட்டு, குண்டூசியால் விரித்துக் காயவைத்தால் ஜன்னலில் தொய்யாமல் நிற்கும். வலைக்கோலம் போட்ட சால்வை வேண்டுமென்றால் மட்டும் மெல்லிய நூலோடு நிட்டிங்குக்குப் போங்கள். தோளில் வழுக்கி விழும் அந்தக் குழைவு குரோஷேயில் எளிதில் வராது.

தொப்பிக்கு வந்தால் நான் முழுக்க நிட்டிங் பக்கம். இங்கே ஹாலோவீன் இரவில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகும் குழந்தை என்ன வேடம் போட்டாலும் காதுக்குக் கதகதப்பு வேண்டும். தலைச் சுற்றளவு 46 செ.மீ. என்றால் ரிப் (அதே நிட்-பர்ல் வரிப் பின்னல்) வைத்த தொப்பியை 42 அளவில் பின்னலாம், அது விரிந்து காதைக் கவ்விக்கொள்ளும். அடுத்த வருடமும் போடலாம். குரோஷேயில் நெருக்கமாகப் பின்னினால் கிண்ணம் கவிழ்த்ததுபோல் விறைத்து நிற்கிறது, தளர்வாகப் பின்னினால் ஓட்டை வழியே காற்று புகுந்துவிடுகிறது. பரங்கி வடிவத் தொப்பியென்றால் காம்பையும் இலையையும் மட்டும் குரோஷேயில் பின்னி உச்சியில் தைத்துவிடுங்கள். இந்தக் கலவைதான் எனக்குப் பிடித்தது.

வௌவால், கறுப்புப் பூனை போன்ற குட்டி பொம்மைகளுக்கு வடிவம் நிற்கும் குரோஷேதான் வழக்கம். ஆனால் கறுப்பு நூல் அங்கே படுத்தும் பாடு சொல்லி மாளாது. கொக்கியை எந்த ஓட்டையில் நுழைப்பது என்று கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நிட்டிங்கில் அடுத்த கண்ணி ஊசியிலேயே காத்திருப்பதால் விரலால் தடவியே பின்னலாம். போன வருடம் இரவு விளக்கில் உட்கார்ந்து ஒரு வௌவாலின் இறக்கையை நான்கு முறை பிரித்தேன். இப்போது கறுப்புக்குப் பகல் நேரம்தான், மடியில் ஒரு வெள்ளைத் துண்டும் விரித்துக்கொள்கிறேன். கரும்பழுப்பு நூல் எடுத்தால் பாதி சிரமம் குறையும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கென்றால் பிளாஸ்டிக் கண் வேண்டாம், நூலாலேயே கண்ணைத் தைத்துவிடுங்கள்.

குரோஷேக்குப் போகிறவர்கள் பின்னல் குறிப்பில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் குறிப்பில் சிங்கிள் குரோஷே என்னும் கண்ணியைப் பிரிட்டிஷ் குறிப்பு டபுள் குரோஷே என்கிறது. கனடாவில் இரண்டும் கலந்து கிடைக்கும். எந்த ஊர்க் குறிப்பு என்று பார்க்காமல் தொடங்கினால் உள்ளங்கைப் பரங்கி தலையணை அளவுக்கு வளர்ந்துவிடும்.

அப்புறம் நூல். பரங்கிக்கு அக்ரிலிக் தாராளமாகப் போதும், விலையும் குறைவு. ஆனால் அது சூட்டில் உருகும், அதனால் பின்னிய எதன் பக்கத்திலும் மெழுகுவர்த்தி வேண்டாம், பேட்டரி விளக்கு வையுங்கள். தொப்பிக்கு மெரினோ கம்பளி வாங்குங்கள். நெற்றியில் குத்தாது, லேசாக நனைந்தாலும் கதகதப்பு போகாது. செப்டம்பரிலேயே தொடங்க முடிந்தால் முதலில் தொப்பியை ஊசியில் ஏற்றுங்கள். அக்டோபர் 25 ஆகிவிட்டதா? கொக்கியையும் ஆரஞ்சு நூலையும் எடுங்கள், ஆறு பரங்கிக்கு நாள் இருக்கிறது.