ஜென்டமைசின் ஊசி போடும் முன் கேளுங்கள்; "காது நரம்பை முளைக்க வைக்கிறோம்" என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

என் அம்மாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு. சிறுநீரகத்தில் கிருமித் தொற்று என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். தொற்று சரியாகிவிட்டது. ஆனால் அங்கே தொடர்ந்து போட்ட ஜென்டமைசின் ஊசியால், இரண்டு காதுகளிலும் உடம்பின் சமநிலையைக் காக்கும் பகுதி நிரந்தரமாகக் கெட்டுவிட்டது. அப்புறம் அதைச் சரிசெய்து தருகிறோம் என்று ஒரு சிகிச்சை மையம் எங்களிடம் 48,000 ரூபாய் வாங்கிக்கொண்டது. எங்களுக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஜென்டமைசின் கெட்ட மருந்து இல்லை. கடுமையான தொற்றில் உயிரைக் காப்பாற்றும் மருந்து, விலையும் குறைவு. ஸ்ட்ரெப்டோமைசின், அமிகாசின் எல்லாம் இதே குடும்பம். 1940களில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுக்கத் தொடங்கிய சில வருடங்களிலேயே நோயாளிகள் தள்ளாடுவதை மருத்துவர்கள் கவனித்து எழுதிவிட்டார்கள். ஆக, இது யாரும் எதிர்பார்க்காத விளைவு இல்லை. அதனால்தான் கோபம் வருகிறது.

உள்காதில் மயிர்ச்செல்கள் என்று உண்டு. ஒலியைப் பிடிக்கும் காக்ளியாவில் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கும். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லும் அரைவட்டக் குழல்களிலும் அவற்றை ஒட்டிய பைகளிலும் இதே வகைச் செல்கள்தான் வேலை செய்கின்றன. செல்லின் தலையில் உள்ள நுண்ணிய இழைகள் சாயும்போது சிறு வாயில்கள் திறந்து, பொட்டாசியம் உள்ளே பாய்ந்து, நரம்புக்குச் செய்தி போகிறது. அதே வாயில்கள் வழியாகத்தான் இந்த மருந்தும் உள்ளே நுழைகிறது. ரத்தத்தில் இருப்பதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். மயிர்ச்செல்லுக்குள் போனது மாதக்கணக்கில் தங்கி அதைக் கொல்லும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். அம்மாவுக்குச் சிகிச்சையே சிறுநீரகத்துக்கு!

ஆனால் ஊசி தொடங்கும்போது காதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேஸ் ஷீட் நகலை வாங்கிப் பார்த்தோம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை முதல் நாளுக்குப் பிறகு செய்யவே இல்லை, மருந்தின் அளவை ரத்தத்தில் பார்த்த குறிப்பும் இல்லை. நடுவிலேயே அம்மா, "சார், எழுந்து நின்னா தள்ளுது" என்று சொல்லியிருக்கிறார். "ஊசி பவர் ஜாஸ்திம்மா, சாப்பிட்டா சரியாயிடும்" என்றார்கள். மருந்தை நிறுத்தலாமா, மாற்றலாமா என்று யோசிக்க வேண்டிய இடம் அது. ஊசி நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நிலைமை மோசமானது. இது ஊசி முடிந்த பிறகும் கூடிக்கொண்டே போகும் என்பதும் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. நடந்தால் எதிரே உள்ள கடைப் பலகை குதிக்கிறது என்றார். நின்றால் படிக்க முடிகிறது, நடந்தால் எழுத்து கலைகிறது. மின்சாரம் போனால் சுவரைப் பிடிக்காமல் ஓர் அடி வைக்க முடியவில்லை. தலைக்குக் குளிக்கும்போது கண்ணை மூடினால் சாய்கிறார்.

அதே மருத்துவமனைக்குப் போனோம். கழுத்து எலும்பு தேய்மானம் என்றார்கள், பலவீனம் என்றார்கள், கடைசியில் மனசில்தான் பயம் என்றார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள், இங்கேதான் பலரும் தவறவிடுகிறார்கள். ஒரு காது மட்டும் கெட்டால் உலகம் சுற்றும். இரண்டும் ஒரே சமயத்தில் கெட்டால் பெரும்பாலும் சுற்றாது, தள்ளாட்டம் மட்டும்தான். அதோடு ஜென்டமைசின் கேட்கும் திறனைவிடச் சமநிலையைத்தான் அதிகம் தாக்கும். அமிகாசின் நேர்மாறு, அது கேட்கும் திறனை அதிகம் தாக்கும். அம்மாவின் கேட்கும் பரிசோதனை நன்றாக இருந்ததால் "காதில் ஒன்றுமில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

கண்டுபிடித்தது இன்னொரு ஊரில் இருந்த காது மூக்கு தொண்டை மருத்துவர். அம்மாவைத் தன் மூக்கைப் பார்க்கச் சொல்லி, தலையைச் சட்டென்று ஒரு பக்கம் சிறிதளவு திருப்பினார். கண் அவர் மூக்கிலேயே நிற்காமல் தலையோடு கூடவே போய்விட்டு, அப்புறம் துள்ளித் திரும்பியது. இரண்டு பக்கமும் அப்படியே. 1988 முதல் மருத்துவ உலகம் அறிந்த சோதனை, ஒரு கருவியும் வேண்டாம். பிறகு காதில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் விட்டுப் பார்த்து உறுதி செய்தார்கள்.

அந்த மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்: மனிதனுக்கு இந்தச் செல்கள் போனால் உருப்படியாகத் திரும்ப வளர்வதில்லை. அதைக் கேட்டு நொந்துபோயிருந்த நேரத்தில்தான் அந்த மையத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. "இறந்த காது செல்களுக்கு மறுபிறப்பு, காது கேளாமை, தலைச்சுற்றல் முழு குணம்." லேசர், காதுக்குப் பின்னால் ஊசி, ஒரு தைலம், எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ். பறவைகளுக்கு மயிர்ச்செல் வளர்கிறது என்ற ஆராய்ச்சியைச் சுவரில் பெரிதாக மாட்டியிருந்தார்கள். அது உண்மைதான், 1980களில் கண்டறியப்பட்டது. மனிதனுக்கு அதைச் செய்ய இன்றுவரை அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. முன்னேற்றம் இல்லையே என்று கேட்டபோது, "இன்னொரு பேக்கேஜ் போட்டால்தான் வேர் பிடிக்கும்" என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதில் இருந்த "ஆலோசனைக் கட்டணம்" என்ற வார்த்தையைக் காட்டினார்கள்.

காது கேளாமையைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். அதன் அட்டவணையில் காது கேளாமை இருக்கிறது. இப்படி விளம்பரம் பார்த்தால் படம் எடுத்து வையுங்கள். ரசீதில் என்ன சிகிச்சை என்று எழுதி வாங்காமல் ஒரு ரூபாயும் தராதீர்கள்.

அம்மாவுக்கு இப்போது உதவுவது பயிற்சி மட்டும்தான். ஓர் எழுத்தைப் பார்த்துக்கொண்டே தலையை அசைப்பது, மெத்தென்ற பரப்பில் நிற்பது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்தார். செல்கள் திரும்பவில்லை, கண்ணையும் பாதத்தையும் வைத்துச் சமாளிக்க மூளை பழகுகிறது. மாதக்கணக்கில் கொடுத்த தலைச்சுற்று மாத்திரைகளில் சில அந்தப் பழக்கத்தையே தாமதப்படுத்தும் என்று அவற்றை நிறுத்தினார்கள். பகலில் தெருமுனை வரை தனியாகப் போய்வருகிறார். இரவில் இன்னும் ஒருவர் கை வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஊசி எழுதினால் தயங்காமல் கேளுங்கள்: வேறு மருந்து உண்டா, எத்தனை நாள், கிரியாட்டினின் எப்போது பார்ப்பீர்கள்? தாய்வழிச் சொந்தத்தில் ஊசிக்குப் பிறகு காது கேட்காமல் போனவர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். தாய் வழியாக மட்டும் வரும் ஒரு மரபணு மாற்றம் இருந்தால், மருந்தின் குறைந்த அளவுகூடச் செவித்திறனைப் பறித்துவிடலாம். காதில் இரைச்சல், தள்ளாட்டம் எது வந்தாலும் அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தொற்றும் உயிருக்கு ஆபத்து.

கேஸ் ஷீட் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. எழுத்தில் கேளுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு வருட அவகாசம் உண்டு. நாங்கள் மருத்துவமனை, மையம் இரண்டின் மீதும் கொடுத்திருக்கிறோம். மருந்தால் வந்த பாதிப்பை நோயாளியோ குடும்பத்தாரோ நேரடியாகவே 1800-180-3024 என்ற மத்திய அரசின் இலவச எண்ணில் பதியலாம்.